கிழமைக்கு உரியவர் யார்?

மதுரை மாநகரில் மீனாட்சி கோயிலைச் சுற்றி வருவோர் ஒன்றைக் காணலாம். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திங்களின் பெயரும் விண்மீனின் பெயரும் தாங்கிய தெருக்கள் அடுக்கடுக்காய்க் கோயிலைச் சூழ்ந்து கிடக்கின்றன. கிழமையின் பெயர் தாங்கிய வீதி அவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவ்வீதிகளில் நடப்போரின் காலைக் கட்டிப் போடுவது எது? கிழமைதான்! 'செவ்வாய் வெறுவாய்' என்று எண்ணிப் பெண் பார்க்கப் புறப்பட்டவர் திண்ணையிலேயே அமர்ந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை பத்தரை மணி அடித்துவிட்டால், புதுக்கடை திறக்க வந்தவர் சாவியைக் கையில் வைத்துக் கொண்டு பன்னிரண்டு மணி வரை வாயிலில் காத்து நிற்கிறார். சனிக்கிழமை மாண்டவர் தனியே போகமாட்டாராம், துணை தேடுவாராம். எனவே பாடையிலே ஒரு கோழிக் குஞ்சு கட்டப்படுகிறது. இறந்தது மனிதன், பழி கிழமைக்கு, தண்டனை கோழிக்கு!

இந்தக் கிழமைகள் எங்கிருந்து வந்தன? யார் வகுத்த வரிசை இது? ஞாயிற்றுக்குப் பின் திங்களும், திங்களுக்குப் பின் செவ்வாயும் ஏன் வரவேண்டும்? வெள்ளிக்கும் வியாழனுக்கும் இடத்தை மாற்றி வைத்தால் வானம் இடிந்து விழுமா? பள்ளிச் சிறுவன் கேட்கக்கூடிய இக்கேள்வியைப் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்போம், தோழர்களே.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிழமை என்பது நல்ல தமிழ்ச்சொல். அதன் பழம்பொருள் நாள் அன்று, உரிமை. கிழான் என்றால் உரியவன். நிலக்கிழார் என்றால் நிலத்துக்கு உரியவர். தொல்காப்பியம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே குறிக்கும். இலக்கண ஆசிரியர்கள் ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கூறும்போது தற்கிழமை, பிறிதின் கிழமை என்று பிரிப்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். எனவே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறு என்னும் கோளுக்கு உரிமைப்பட்ட நாள் என்றே பொருள். நாளுக்கு ஒரு சொந்தக்காரன். அவன் வானத்திலே இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லித்தான் அந்த நாளை அழைக்க வேண்டும். எவரோ எழுதி வைத்த பட்டா அது.

வாரம் என்ற சொல்லின் கதை வேறு. வடமொழியில் அது ஒரு தனி நாளையே குறித்தது. சோமவாரம், மங்களவாரம் என்பவற்றில் அந்தப் பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அது வளர்ந்து ஏழு நாளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. வைகைக்கரை உழவர்கள் மேல்வாரம், குடிவாரம் என்று பேசிய வாரம் விளைச்சலின் பங்கு. அந்த வாரத்தினால் குடி கெட்ட குடும்பங்கள் உண்டு. கிழமையாகிய வாரத்தினால் கெட்ட குடும்பம் எதுவும் இல்லை. கிழமையைப் பற்றிய அச்சத்தினால் கெட்டவை பல.

சங்ககாலத் தமிழன் கோள்களை அறிந்திருந்தான். ஞாயிறு, திங்கள், வெள்ளி என்னும் பெயர்கள் பழம்பாடல்களில் ஒளி வீசுகின்றன. சனிக்கோளை மைம்மீன் என்று, கருமை பற்றி, புறநானூற்றில் கபிலர் அழைக்கிறார். மைம்மீன் புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசையில் படர்ந்தாலும், பாரியின் நாட்டில் மழை பொய்க்கவில்லை, வயல் விளைந்தது, காரணம் செங்கோல் என்று அந்தப் பாட்டின் பொருள் செல்கிறது. பாரியின் பறம்பு இன்றைய பிரான்மலை. மதுரையிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் சென்று சேரலாம். கோள்நிலை கேடு தரும் என்ற அச்சம் அன்றே மக்களிடம் இருந்தது என்பதற்கும் அப்பாட்டே சான்று. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோளின் பெயரை நாளுக்குச் சூட்டும் வழக்கம் சங்கப் பாடல்களில் காணப்படவில்லை. ஓணநாள், ஆதிரைநாள், கார்த்திகைநாள் என்று நிலவு எந்த விண்மீனோடு நின்றதோ அந்த விண்மீனின் பெயரால் நாளை எண்ணினர். திங்கள் உரோகிணியோடு கூடிய நாளில் திருமணம் நடந்ததை அகநானூறு காட்டும்.

வேதத்திலே இருக்கிறதே என்று வேறு சிலர் பெருமை பேச வருவர். அவர்களுக்கும் ஏமாற்றமே. வேதகாலத்தார் எண்ணியவை திதியும் நட்சத்திரமும். ஏழு கோள்களின் கிழமை அங்கே இல்லை. கிழமை குறிக்கும் இந்தியக் கல்வெட்டுகளில் ஐயமற நாள் தெரிந்தவற்றுள் முதலாவதாக அறிஞர் காட்டுவது, மத்தியப் பிரதேசத்து எரண் என்னும் ஊரில் நிற்கும் கற்றூண், புத்தகுப்தன் என்ற குப்த வேந்தனின் காலம், ஆண்டு கி.பி. 484, கிழமை வியாழன்.

அப்படியானால் பிறந்த இடம் எது? கிழமைகளின் வரிசையே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. களவாடிய பொருளில் பழைய உடையவனின் பெயர் பொறித்திருப்பது போன்ற கதை இது. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் பத்து நிமிடத்தில் எவரும் மெய்ப்பிக்கலாம்.

பழங்காலத்தார் வானில் நகர்வன ஏழு என்று கண்டனர். வானைச் சுற்றிவர நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் கோளில் தொடங்கி வரிசைப்படுத்தினர்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். இது வேக வரிசை. கிழமை வரிசை அன்று. பிறகு ஒரு நாளை இருபத்து நான்கு மணிகளாகப் பிரித்து, மணிக்கு ஒரு கோளாகக் காவல் வைத்தனர். முதல் மணி சனிக்கு, இரண்டாவது வியாழனுக்கு, மூன்றாவது செவ்வாய்க்கு என்று முறை செல்லும். ஏழு மணி முடிந்ததும் மறுபடியும் சனி. இருபத்தொரு மணிக்குள் மும்முறை சுற்று முடிந்துவிடும். எஞ்சிய மூன்று மணிகள் சனி, வியாழன், செவ்வாய்க்குப் போக, மறுநாளின் முதல் மணி யாருக்கு? ஞாயிற்றுக்கு! முதல் மணிக்கு உரியவனே நாளுக்கும் உரியவன் என்பது விதி. ஆகவே சனிக்கு மறுநாள் ஞாயிறு. இப்படியே ஞாயிற்றிலிருந்து எண்ணினால் மறுநாள் திங்கள். திங்களிலிருந்து எண்ணினால் செவ்வாய். பிறகு புதன், வியாழன், வெள்ளி. வரிசை வந்துவிட்டது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. இருபத்து நான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் நாளை எப்படிப் பிரித்தனர்? அறுபது நாழிகையாக. மேற்சொன்ன முறையிலேயே நாழிகைக்கு ஒரு கோளாகக் காவல் வைத்துப் பாருங்கள். அறுபதை ஏழால் வகுத்தால் மீதி நான்கு. சனிக்கு மறுநாள் யார் வருகிறார்? வெள்ளி! வெள்ளிக்கு மறுநாள் வியாழன். பிறகு புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. வாரம் தலைகீழாக, பின்னோக்கி ஓடுகிறது! நாழிகைக் கணக்கு வழங்கிய மண்ணில் இந்த முறைப்படிக் கிழமை பிறந்திருக்குமானால், ஞாயிற்றுக்கு மறுநாள் சனியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. எனவே கிழமை, நாளை இருபத்து நான்காகப் பிரித்த மக்களிடம் பிறந்தது. அப்படிப் பிரித்தவர்கள் எகிப்தியர். அந்த மணிக் கணக்கும் பாபிலோனியரின் கோள் நூலும் கிரேக்கரின் கணிதமும் கலந்த இடம், நைல் ஆற்றின் கரையில் கிரேக்கர் ஆண்ட எகிப்து. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய டியோ காசியஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் இந்த மணிக்கணக்கை விளக்கி, இவ்வழக்கம் எகிப்தியருடையது என்றே கூறுகிறார். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்துச் சுவரில் ஏழு நாளுக்கும் உரிய தெய்வங்களின் பெயரை யாரோ கிறுக்கி வைத்தது இன்றும் அறியக் கிடைக்கிறது.

இந்த மணியை வடமொழியார் 'ஹோரா' என்றனர். அது கிரேக்கரின் 'ஹோரா' என்ற சொல்லே. கி.பி. 499ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு நூல் எழுதிய ஆரியபட்டரும், வேக வரிசையில் நான்காவதாக வருபவர் அடுத்த நாளுக்கு உரியவர் என்ற இதே விதியை மறைக்காமல் தருகிறார். வராகமிகிரரோ, மிலேச்சராயினும் யவனர் இக்கலையில் தேர்ந்தவர், அதனால் முனிவரைப் போல் மதிக்கப்படுகின்றனர் என்று பழைய கூற்றை எடுத்துரைக்கிறார். கடல் கடந்தால் தீட்டு என்றவர்கள், கடல் கடந்து வந்த கிழமையைத் தீட்டுக் கழித்து வீட்டுக்குள் வைத்துக் கொண்டனர். வந்தது தவறில்லை, அறிவு எங்கிருந்தும் வரலாம். வந்ததை ஆண்டவன் வகுத்தது என்று கூறி அச்சம் விற்றதே தவறு.

மதுரைக்கு அது எப்போது வந்தது? ஏழாம் நூற்றாண்டில் வந்துவிட்டது என்பதற்குத் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் சான்று. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியின் அழைப்பை ஏற்று அவர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோளும் நாளும் சரியில்லை என்று நாவுக்கரசர் தடுத்ததாகவும், அடியாரைக் கோள்கள் ஒன்றும் செய்யா என்று சம்பந்தர் பாடியதாகவும் சைவர் கூறுவர். அப்பாடலில் கோள்கள் கிழமை வரிசையிலேயே நிற்கின்றன; இரு பாம்புகள் கடைசியில் வருகின்றன. அந்தப் பயணத்தின் முடிவில் மதுரைச் சமணர்க்கு நேர்ந்ததாகப் பெரியபுராணம் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். கோள் ஒன்றும் செய்யாது என்று பாடியவரை வணங்கும் கூட்டம், அதே கோயிலில் ஒன்பது கோளையும் ஒன்பது முறை சுற்றுகிறதே, எவரை நம்புகிறது?

அடுத்த சான்று கல்லிலேயே இருக்கிறது. ஒத்தக்கடைக்கு அருகில், படுத்த யானை போல் கிடக்கும் யானைமலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை உள்ளது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி அதைக் குடைந்தான். அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து முடித்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கலியாண்டு 3871, கார்த்திகைத் திங்கள், ரேவதி நாள், ஞாயிற்றுக்கிழமை என்று குறிக்கிறது. கணித்துப் பார்த்தால் கி.பி. 770 நவம்பர் 4 என்று வருகிறது. அது ஞாயிற்றுக்கிழமையே, அன்று நிலவும் ரேவதியில்தான் நின்றது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் பொய் எழுதவில்லை என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. கிழமையின் உண்மையான பயன் இதுவே. நல்லது கெட்டது சொல்ல அது உதவாது. வரலாற்றாசிரியன் கணக்கைச் சரிபார்க்க உதவும். அமைச்சன் பெயர் காரி. நிகண்டுகளில் சனிக்கு வழங்கும் பெயரும் காரி. அதற்காக அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்க எவரும் அஞ்சியிருக்க மாட்டார்கள்!

இங்கே நம்மவர்களில் பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் கூறியாக வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசும் இடத்தில், ஆடித் திங்கள் தேய்பிறை எட்டாம் நாள் வெள்ளிக்கிழமையில் மதுரை தீக்கு இரையாகும் என்று முன்பே ஓர் உரை இருந்ததாகக் கூறுகிறது. கிழமையைச் சொல்லிவிட்டார் இளங்கோ! அதைப் பிடித்துக்கொண்ட எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, வான்கணித முறையில் தேடி, கி.பி. 756 என்று ஆண்டு குறித்தார். தமிழறிஞர் பலர் மறுத்தனர். இலங்கை வேந்தன் கயவாகுவைக் கொண்டு காப்பியம் இரண்டாம் நூற்றாண்டினது என்பது அவர்கள் வாதம். மதுரைக் கோட்டை வாயிலில் யவனர் வாளேந்திக் காவல் நின்றதாக அதே காப்பியம் கூறுகிறது. யவனர் வந்த வழியில் அவர்கள் கிழமையும் அன்றே வந்திருக்கலாமே என்று வாதிடவும் இடமுண்டு. ஆயினும், எரண் தூணுக்கு முந்திய நாள் தெரிந்த கல்வெட்டு ஒன்று கிடைக்கும் வரை, அந்த வெள்ளிக்கிழமை இரண்டாம் நூற்றாண்டுக் கட்சிக்கு முள்ளாகவே இருக்கும். நம் பெருமைக்கு இடையூறு என்பதால் சான்றைப் புதைப்போமானால், பஞ்சாங்கக்காரரைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு ஏது? சிலம்பின் சிறப்பு அதன் வயதில் இல்லை; அரசனை அவையில் நிறுத்தி ஒரு பெண் நீதி கேட்டதில் இருக்கிறது.

பிற மொழிகளைச் சற்றே பார்ப்போம். ஆங்கிலேயரின் முன்னோர் உரோமரின் ஏழு நாளையும் வாங்கிக்கொண்டு, நான்கு நாளுக்குத் தம் பழைய தெய்வங்களான தீவ், ஓடன், தோர், ஃபிரிக் ஆகியோரின் பெயரைச் சூட்டினர். சனிக்கு மட்டும் உரோமப் பெயரை அப்படியே விட்டுவிட்டனர். சப்பானியர் செவ்வாயை நெருப்புநாள் என்றும், புதனை நீர்நாள் என்றும், வியாழனை மரநாள் என்றும் அழைக்கின்றனர். யூதரும் அரபியரும் எண்ணால் எண்ணுகின்றனர்: முதல் நாள், இரண்டாம் நாள் என்று, யூதர்க்கு ஓய்வு நாளும் அரபியர்க்குக் கூடும் நாளும் தனிப்பெயர் பெறும். சீனரும் எண்தான். போர்த்துக்கீசியர் திங்களை 'இரண்டாம் நாள்' என்கின்றனர். ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரத்து மார்ட்டின் என்ற ஆயர் பழந்தெய்வப் பெயர்களை விலக்கியதன் விளைவு என்பர். ஐசுலாந்திலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் யோன் என்ற ஆயர் அவ்வாறே செய்தார். அங்கே இன்றும் செவ்வாய் மூன்றாம் நாள், புதன் நடுவார நாள். ஒரு மதத்தின் தெய்வத்தை இன்னொரு மதம் விரட்டிய கதை இது. அறிவின் வெற்றி என்று கொண்டாட ஒன்றுமில்லை. என்றாலும், பெயரை மாற்றினால் நாள் கோபிக்காது என்பது மட்டும் தெளிவாகிறது. நம் தனித்தமிழ் அன்பர்கள் புதனை அறிவன் என்றும் சனியைக் காரி என்றும் எழுதுவதைக் கேலி செய்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நல்ல நாள், தீய நாள் என்பதற்கு வருவோம். நமக்குச் செவ்வாய் வெறுவாய். நம் மதுரைத் தெருக்களிலேயே தெலுங்கு பேசுவோர்க்கு அதே நாள் மங்களவாரம், பெயரிலேயே மங்கலம்! கிரேக்க நாட்டில் அது கெட்ட நாள். வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் குத்துவிளக்கு ஏற்றும் நாள். முசுலிம் தோழர்க்கு ஜுமா தொழுகை நாள். ஐரோப்பியக் கிறித்துவருள் பலருக்கோ புதுவேலை தொடங்க அஞ்சும் நாள். ஒரே கோள், ஒரே வானம், ஒரே பொழுது. கோளுக்கு ஆற்றல் இருந்தால் எல்லையில் சுங்கச்சாவடி வைத்தா மாறும்? திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. இராகு காலம் வந்துவிட்டது என்று எந்த வணிகரும் விலை பேசுவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. பசிக்கும் வாணிகத்துக்கும் பஞ்சாங்கம் வழிவிட்டுவிடும். மணமகளுக்கு மட்டும் விடாது. செவ்வாய் தோசம் என்ற இரு சொற்களால் எத்தனை பெண்களின் இளமை கரைகிறது!

சனியன் என்பது நம் மொழியில் வசைச்சொல். சனிக்கிழமை பிறந்தவர்க்குத் துணிவாக அப்பெயரை வைப்போமா? மேற்கு ஆப்பிரிக்காவில் அகான் மக்கள் பிறந்த கிழமையையே குழந்தைக்குப் பெயராக்குவர். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி. சனியில் பிறந்த ஆண் குவாமே. அவ்வாறு சனிக்கிழமையின் பெயர் தாங்கிய ஒருவர் 1957இல் கானாவுக்கு விடுதலை பெற்றுத் தந்தார். அவர்தாம் குவாமே நிக்ருமா. பழைய மதுரை மாவட்டத்துக் குச்சனூரில் சனி பகவானுக்கு எண்ணெய் விளக்கு ஏற்றி நிற்கும் தோழருக்கு இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ஏழு என்ற எண்ணையே உடைக்க முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் பத்துநாள் வாரம் வகுத்தனர், பத்து நாளைக்கு ஒரு முழு ஓய்வு என்றதும் உழைப்பாளி முகம் சுளித்தான், நெடுநாள் நிலைக்கவில்லை. சோவியத்து நாடு 1929இல் ஐந்துநாள் வாரமும் 1931இல் ஆறுநாள் வாரமும் கண்டு, 1940இல் ஏழுக்கே திரும்பியது. சாவகத்தில் ஐந்து நாள் சந்தை வாரம் ஏழு நாள் வாரத்தோடு இணைந்து இன்றும் நடக்கிறது. மக்கள் பழகிப்போன அளவைப் பிடுங்குவது எளிதன்று. பிடுங்க வேண்டிய தேவையும் இல்லை. ஏழு நாளும் இருக்கட்டும். அச்சம் போகட்டும் என்பதே நம் கட்சி. சுயமரியாதைத் திருமணங்கள் வேண்டுமென்றே இராகு காலத்தில் நடத்தப்பட்டதும், 1967இல் அண்ணாவின் அரசு அத்திருமணங்களுக்குச் சட்டம் இயற்றியதும் அந்த வழியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நமக்கு எப்படிக் கிடைத்தது? கி.பி. 321இல் கான்சுடன்டைன் பேரரசன் ஆணையிட்டு நகரத்தார்க்கு ஓய்வு தந்தான். உழவர்க்கு மட்டும் வேலை செய்ய விலக்கு அளித்தான், அன்றும் உழவன் நிலை அதுதான்! வெள்ளைக்காரர் ஆட்சியில் அலுவலகத்தார்க்கு ஞாயிறு விடுமுறையாயிற்று. பஞ்சாலைத் தொழிலாளிக்கு அது தானாக வரவில்லை. சோதிராவ் புலேயின் சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் போராடி, 1890 சூன் 10இல் வார விடுமுறையைப் பெற்றார். கதிரவன் தந்த ஓய்வு என்று எவரேனும் சொன்னால், லோகண்டேயின் பெயரைச் சொல்லுங்கள்.

இறுதியாக, வானத்துக்குத் தெரியாமலேயே கிழமை காணாமற்போகும் விந்தையும் உண்டு. மகெல்லனின் தோழர்கள் உலகைச் சுற்றிவிட்டு 1522 சூலையில் கேப் வெர்டே தீவில் இறங்கியபோது, அவர்கள் குறிப்பேட்டில் புதன். கரையில் இருந்தோர்க்கு வியாழன். நாள்தோறும் தவறாமல் எழுதி வந்தவர்கள் ஒரு நாளை எங்கே தொலைத்தனர்? மேற்கு நோக்கிச் சுற்றியதில் பூமியின் சுழற்சி ஒரு நாளைத் தின்றுவிட்டது. பின்னர் பசிபிக் கடலில் ஒரு கோடு வகுத்து, அதன் இருபுறமும் வெவ்வேறு கிழமை என்று மக்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சமோவா தீவு நாடு வாணிக வசதிக்காகக் கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாறியது. 2011 டிசம்பர் 29 வியாழன் இரவு உறங்கிய மக்கள் 31ஆம் நாள் சனிக்கிழமை காலையில் விழித்தனர். இடையிலே வெள்ளிக்கிழமை என்று ஒன்று அங்கே பிறக்கவே இல்லை. அன்று பத்தரை மணிக்கு வரவேண்டிய இராகு காலத்துக்கு என்ன ஆயிற்று என்று எந்தச் சோதிடரும் விளக்கவில்லை. அந்நாட்டு அரசோ, வாராத அந்த வெள்ளிக்கிழமைக்கும் தொழிலாளர்க்கு முழுக் கூலி வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது.